மருந்து வாடை

சுருக்கென்று மூக்கில் ஏறி அடித்தொண்டையில் கசந்து நிற்கும் ஒரு வாடை அம்மாவின் வேலைச்சட்டையில் எப்போதும் இருக்கும். செலண்டார் பக்கத்துத் தோட்டமொன்றில் முதுகில் டாங்கியைச் சுமந்து களைக்கு ‘மருந்தடிப்பது’ அவர் வேலை. அந்தச் சட்டையை மட்டும் வீட்டுக்குள் விடமாட்டார், கொல்லைக் கம்பியிலேயே தொங்கும்.

மேட்டிலிருந்த ரப்பர் பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட வருஷம் அது. மரங்கள் நின்றவரை எத்தனை மழை பெய்தாலும் கீழே எங்கள் சின்ன ஆறு இரண்டொரு நாளில் தெளிந்து கூழாங்கல்லைக் காட்டிவிடும். மொட்டை மேட்டில் முதல் பெருமழை கொட்டியபோது தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் இறங்கியது. மறுநாள் காலை கெளுத்தியும் விராலும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் எல்லாரும் வாளியோடு ஓடிக் கையாலேயே அள்ளினோம். “வலிய வர்ற சீதேவிய வேணாம்னு சொல்லக் கூடாது” என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா எங்களுக்கும் சேர்த்துக் குழம்பு வைத்தார். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

மதியம் வேலை முடிந்து வந்த அம்மா வாளியில் மிஞ்சியிருந்த ஒரு மீனை எடுத்து முகர்ந்தார். கொல்லைக்குப் போய்த் தன் சட்டையை முகர்ந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“யாரு வாயில வச்சீங்க?”

தங்கச்சி மட்டும் பெருமையாகக் கை தூக்கினாள்.

“இது மேட்டுல நான் அடிச்ச மருந்து” என்றார் அம்மா, மெல்லிய குரலில்.

அன்று சாயங்காலமே வாந்தியெடுத்துத் துவண்ட தங்கச்சியைத் தோட்டத்து லோரியில் ஜாசின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்து வந்தாள். மீன்தான் காரணமென்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. அம்மாவுக்கு அவர் சொல்லவேண்டியும் இருக்கவில்லை. மேட்டில் தெளிப்பது நம் சட்டிக்கே வந்து சேரும் என்று அதுவரை எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. தெரிந்த பிறகும், வேறு வேலை கேட்டு, காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டில் நின்ற அம்மாவின் முதுகில் அதே டாங்கியைத்தான் மாட்டி அதே மேட்டுக்கு அனுப்பினார்கள். அதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

போன மாதம், இப்போது நாங்கள் இருக்கும் ஆயர் குரோவிலிருந்து அம்மாவைக் காரில் அங்கே கூட்டிப்போனேன். லயம் இல்லை, செம்பனையும் இல்லை; தமான் குடியிருப்பு கட்ட மேட்டையே வெட்டிவிட்டார்கள். ஆறு செம்மண் குழம்பாகப் போய்க்கொண்டிருந்தது, மீன் இருந்த அடையாளமே இல்லை. இதுவும் பெரிய ஆற்றில் சேர்ந்து ஏதோ ஓர் ஊரின் குழாய்க்குத்தானே போகும் என்று நினைத்தபோது பகீரென்றது.

வீடு திரும்பியதும் இரண்டு டம்ளரில் தண்ணீர் பிடித்தேன். அம்மா எப்போதும்போல் தன் டம்ளரை முதலில் மூக்கருகே கொண்டுபோனார். இதற்காக நானும் தங்கச்சியும் அவரைக் கேலி செய்வது வழக்கம். அன்று, அவர் ஒரு மடக்குக் குடிக்கும்வரை நான் என் டம்ளரைத் தொடவில்லை.