மூன்று தரம் கழுவிய கீரை

நான் மடையன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால், வாசிப்பவர்கள் கண்டுபிடித்து எனக்கு அறிவிக்கும் சிரமம் மிச்சம். கண்டி அரசாங்கக் கந்தோரில் பழைய கோப்புகளைக் காப்பதுதான் என் வேலை. யாரும் கை வைக்காத கோப்பு முப்பது வருடம் போனாலும் கெடாது என்பது எனக்குத் தெரியும். அந்த அறிவை மேசை லாச்சியில் பூட்டிவிட்டுத்தான் தினமும் பிலிமத்தலாவை வீட்டுக்குப் பஸ் ஏறுவேன்.

எங்கள் ஒழுங்கைக்கு வந்த முதல் பிரிட்ஜ் எங்களுடையது. கோயில் கதவு திறப்பதுபோல் நான் அதைத் திறப்பேன். பூசை மணிதான் குறை.

அப்போது பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவின் கணவர் இறந்து மூன்று மாதம். மேட்டிலிருக்கும் பன்சலைப் பிக்குகளுக்கு அவர் பேரில் சாப்பாட்டுத் தானம் கொடுக்க வேண்டும். தானத்துக்கு மூன்று நாள் இருக்கையில் நகரில் குண்டு வெடித்தது, ஊரடங்கு. சந்தை இல்லை, கடை இல்லை. அக்காவின் தோட்டத்து வல்லாரையும் லீக்ஸும் சலாது இலையும்தான் கதி. ஊரடங்கை மதிக்காத ஒரே கூட்டம் குரங்குகள். அவை வருமுன் அக்கா எல்லாவற்றையும் பிடுங்கி, வேரும் மண்ணுமாக உலர்ந்த பத்திரிகைத் தாளில் சுற்றி, எங்கள் பிரிட்ஜில் வைக்கத் தந்தார்.

இறந்தவர் லேசுப்பட்ட மனிதரல்ல. முன்னொரு கலவரத்தில் கும்பலைத் தன் வீட்டு வாசலிலேயே மறித்து, "உள்ளே ஒருவரும் இல்லை" என்றவர். உள்ளே நெல் மூட்டைகளுக்குப் பின்னால் நானும் மனைவியும் மூன்று நாள், குளிப்பு முழுக்கில்லாமல், தூசியோடு தூசியாக இருந்தோம். அப்படிப்பட்டவரின் தானத்துக்கு மண் ஒட்டிய கீரையா? எங்கள் சைவ வீட்டில் கழுவாமல் அடுப்படிக்குள் என் காலே நுழையாது.

"இஞ்சருங்கோ, அவ சுத்தித் தந்தபடியே வையுங்கோ" என்றாள் மனைவி.

"நீர் சும்மா இரும். தண்ணி பட்டாத்தான் பச்சை நிக்கும். சந்தையிலை தெளிக்கிறதைக் காணேல்லையே?"

"அது விக்கும் வரைக்கும்தான்."

மூன்று தரம் கழுவினேன். சொட்டச் சொட்டப் பொலித்தீன் சொப்பிங் பையில் திணித்து, காற்றுப் புகாமல் இறுக்கி முடிந்தேன். மறுநாள் பையின் உட்புறம் முத்து முத்தாக நீர். "பாரும், வேர்க்குது. உயிரோடை இருக்கு" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

தானத்தன்று விடிய முடிச்சை அவிழ்த்தேன். வல்லாரை கஞ்சியாகியிருந்தது. சலாது விரலோடு வழுக்கிக்கொண்டு வந்தது. லீக்ஸின் நாற்றத்தைப் பற்றி எழுதப்போவதில்லை.

"போய்ச் சொல்லுங்கோ. பிரிட்ஜைப் பற்றித் தெரிஞ்ச ஆள் நீங்கள்தானே" என்றாள் மனைவி.

வேலியைத் தாண்டும்போது ஒரு நினைப்பு வந்து காலைத் தடுக்கியது. இரண்டு ஆட்களை அவர்கள் மூன்று நாள் வாடாமல் வைத்திருந்தார்கள். அவர்கள் வீட்டுக் கீரையை என்னால் மூன்று நாள் வைத்திருக்க முடியவில்லை.

அக்கா குசினியில் ஒரு பெரிய பலாக்காயை வெட்டிக்கொண்டிருந்தார். என்னை நம்பி மட்டும் அவர் தானத்துக்கு ஆயத்தமாகவில்லை என்று தெரிந்தது. கடைத்தெருவில் பழகிய நல்ல தமிழ் அவருக்கு. அதனால் தப்ப வழியில்லை.

"அக்கே, கீரை முழுக்க அழுகிப்போச்சு. வடிவா மூண்டு தரம் கழுவித்தான் வைச்சனான்."

அவர் கத்தியை நிறுத்தாமல் கேட்டார்:

"உங்கள நான் கழுவியா வச்சேன், மாத்தயா?"