ஷிப்ட் பஸ்ஸில் செய்தி வாசித்த ஜெபமணி டீச்சர்

பள்ளி திறந்த திங்கட்கிழமை காலை, பிரேயருக்கு மணி அடிக்கப் போகும் நேரத்தில் தந்தி வந்தது. ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டையில் தம்பி வீட்டில் இருந்த ஜெபமணி டீச்சர் முந்தின நாள் இறந்துவிட்டார். அலுவலக அறையில் நின்றபடியே படித்தேன். தந்தியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். பிள்ளைகள் பாடினார்கள், நான் பாடவில்லை. இங்கே இருந்தவரை ஒரு நாள் லீவு போட்டு அறியாத மனுஷி, கிடைத்த ஓய்வை இவ்வளவு சுருக்கமாக முடித்துக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் முதலில் எனக்கு வந்தது கோபம்தான். அழுகை சாயங்காலம்தான் வந்தது.

நம் பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்கு அவர் தலைமையாசிரியையாக வந்தபோது, சுரங்கத்துக்காக எழும்பிக்கொண்டிருந்த இந்த நகரியத்தில் பாதி பிளாக்குகளில் சுவர்தான் இருந்தது, கூரை இல்லை. நான் கும்பகோணத்திலிருந்து கணக்கு டீச்சராக வந்து சேர்ந்திருந்தேன். ஆசிரியைகளில் இரண்டு பேர் ஒரே ஊர்க்காரர்கள் கிடையாது. காபி எப்படிப் போடுவது என்பதில்கூட எங்களுக்குள் ஒற்றுமை இருந்ததில்லை. எல்லோரையும் ஒன்றுசேர்த்தது ஜெபமணி டீச்சரின் பிடிவாதம். அதை எதிர்ப்பதற்காகவாவது நாங்கள் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது.

அந்தப் பிடிவாதங்களில் ஒன்றுதான் 'பள்ளிச் செய்தி'. ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில் பாடம் கிடையாது. மைதானத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, யார் யார் என்னென்ன சாதித்தார்கள் என்று வாசிப்பார். முதல் மார்க் வாங்கியவர்கள் வருவார்கள். அவர்களோடு, வீட்டில் தெலுங்கு பேசுகிற பத்மா தமிழில் தேறியது வரும். அம்மா பிரசவத்துக்குப் போயிருந்தபோது ஆறாம் வகுப்பு மேரி வீட்டைப் பார்த்துக்கொண்டது வரும். சரோஜா லீவில் சைக்கிள் விடப் பழகியதும் வரும். "சைக்கிள் விட்டதெல்லாம் ஒரு சாதனையா டீச்சர்?" என்று கேட்டேன். "விழாம விட்டிருக்கா. நீங்க விடுவீங்களா?" என்றார். எனக்கு இன்றுவரை சைக்கிள் விடத் தெரியாது.

நிலக்கரி முதன்முதலாக வெளியே வந்ததற்கு மறு வருஷம், எட்டாம் வகுப்பில் பள்ளிக்கே முதலாவதாக வந்தவள் அஞ்சலை. சுரங்கத்துக்கு நிலம் போன ஊர்க்காரர்கள் நகரியத்துக்கு வெளியே ஒரு குடியிருப்பில் இருந்தார்கள். அங்கிருந்து நடந்து வருகிற பெண். கணக்கில் நான் அசந்தால் என்னையே திருத்துவாள். அவள் அப்பா கோவிந்தனுக்குச் சுரங்கத்தில் வேலை. ஏப்ரல் மாதம் பள்ளி மூடும்போது அவர் வந்து, "எட்டாவதோட போதுங்க டீச்சரம்மா. எங்க பக்கத்துல பொட்டப் புள்ளைங்க இவ்ளோ படிச்சதே பெருசு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜெபமணி டீச்சர் வாசல்வரை கூடவே நடந்து எவ்வளவோ பேசிப் பார்த்தார். கோவிந்தன் மரியாதையாகத் தலையாட்டினார், மசியவில்லை.

கோடை லீவு முழுக்க டீச்சருக்கு இதே யோசனை. "நான் சொன்னா அது டீச்சர் சொல்லுதது. கூட வேலை பாக்குத நாலு பேர் சொன்னா அது ஊர் சொல்லுத மாதிரி" என்றார். அதற்கு ஒரு திட்டமும் போட்டார். காலை ஷிப்ட் முடிந்து வரும் பஸ் நம் பள்ளி வாசலில்தான் நிற்கும். பள்ளிச் செய்தியைக் காலையில் வாசிக்காமல் அந்த நேரத்துக்கு வாசித்தால், இறங்குகிற அப்பாக்கள் அத்தனை பேர் காதிலும் விழும். முந்தின வாரம் விசாரித்ததில் கோவிந்தன் காலை ஷிப்ட்டில்தான் இருந்தார். வாடகைக்கு ஒலிபெருக்கி சொல்லி, அதை வாசல் பக்கம் திருப்பி வைத்தோம். நாங்கள் இருவரும் எங்களை மகா சாமர்த்தியசாலிகள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

பள்ளி திறந்த அன்று அஞ்சலை வரவில்லை. ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த அவள் தங்கை வசந்தா மட்டும் வந்திருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் டீச்சர் அவளைக் கூப்பிட்டு, "ஏட்டி, அப்பா வார பஸ்ஸை எனக்குக் காட்டணும் என்ன?" என்றார்.

வசந்தா விழித்தாள். "அப்பா இப்பதான் போவும் டீச்சர். இன்னிக்குத் திங்கக்கெழமை இல்ல? ஷிப்ட்டு மாறிடுச்சி. இந்த வாரம் ரெண்டாவது ஷிப்ட்டு."

திங்கட்கிழமை ஷிப்ட் மாறும் என்பது நகரியத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். ஊரே சுரங்கத்துச் சங்குக்குத்தான் எழுந்து படுக்கும். காலையில் வந்து சாயங்காலம் போகிற நாங்கள் இரண்டு பேர்தான் அதை யோசிக்கவில்லை. டீச்சர் சாப்பிட்ட கையைக் கழுவினாரோ இல்லையோ, செய்திக் காகிதத்தை எடுத்துக்கொண்டு, "வாங்க" என்றார். எங்கே என்று கேட்பதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார்.

இரண்டாம் ஷிப்ட்டுக்குப் போகிற பஸ் எதிர்ச்சாரியில் நின்றுகொண்டிருந்தது. தூக்குச்சட்டியும் கையுமாக ஆட்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். டீச்சர் முன்படியில் ஏறினார். கூட்டத்துக்குள் போய் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் அவர் பின்னால் ஏறினேன். "எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. உங்க பிள்ளைகளப் பத்தி நல்ல சேதி கொண்டாந்திருக்கேன்" என்று ஆரம்பித்தார். அஞ்சலையின் பெயரை முதலில் வாசிக்கவில்லை. பத்மாவிலிருந்து ஆரம்பித்தார். மூன்றாவது வரிசையில் ஒருவர், "அது என் பொண்ணு" என்று பக்கத்து ஆளிடம் மெதுவாகச் சொன்னார்.

ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "டீச்சர், டைமாயிடுச்சிங்க" என்றார்.

"நீங்க எடுங்க. நான் வண்டியிலயே படிக்கேன்."

அவரும் எடுத்துவிட்டார். பஸ் இரைச்சலில் டீச்சரின் குரல் நாலு வரிசைகூடத் தாண்டவில்லை. காகிதத்தை என் கையில் திணித்தார். எனக்கு இயற்கையிலேயே தொண்டை பெரிது. வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தால் அடுத்த பிளாக்கில் கேட்கும் என்று கேலி செய்வார்கள். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். ஒவ்வொரு பெயருக்கும் எங்கிருந்தோ ஒரு தலை நிமிர்ந்தது. பெயர் வராதவர்கள் முகம் வாடியதையும் பார்த்தேன். காகிதத்தின் அடியில் கடைசியாக இருந்தது: "எட்டாம் வகுப்பில் பள்ளியிலேயே முதல் மாணவி அஞ்சலை. தந்தை கோவிந்தன். ஒன்பதாம் வகுப்பில் அவளுக்கு இடம் தயாராக இருக்கிறது."

"யோவ் கோவிந்தா, சொல்லவே இல்லியே நீ" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் திரும்பினார்கள். கோவிந்தன் தூக்குச்சட்டி மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். கடைசியில், "இன்னாங்க பண்றது. எங்க அக்கா மவனுக்குதான் அவளக் குடுக்கறதா பேச்சு. அவன் எட்டாவதோட நின்னுட்டான். இவ ஒம்பதாவது போனா அக்கா இன்னா நெனைக்கும்?" என்றார்.

அப்போதுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர் சாவதானமாகச் சொன்னார்: "அதுக்குப் புள்ளய ஏன் நிறுத்துற? அவனப் போயி ஒம்பதாவது படிக்கச் சொல்லு." பஸ்ஸே சிரித்தது. கோவிந்தனும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

டீச்சர் சிரிக்கவில்லை. கோவிந்தன் பக்கத்தில் போய், "அவ பதினொண்ணாவது முடிக்கட்டும், கல்யாணத்தப் பத்தி அப்புறம் நானே உங்க அக்காகிட்ட வந்து பேசுதேன். நாளைக்கு அனுப்புங்க" என்றார். கோவிந்தன் தூக்குச்சட்டியை மடியிலிருந்து இறக்கி வைத்தார். "இந்த வாரம் காலைல சும்மாதான் இருப்பேன். நானே இட்டுகினு வரேங்க" என்றார். எங்கள் தப்புக் கணக்கு எப்படியோ சரியான விடைக்கு வந்துவிட்டது. காலை ஷிப்ட்டாக இருந்திருந்தால் அவரால் வந்திருக்க முடியாது. சுரங்க வாசலில் இறங்கிய நாங்கள் ஒரு மண் லாரியில் ஏறி, புடவையெல்லாம் செம்மண்ணாகப் பள்ளிக்குத் திரும்பினோம்.

மறுநாள் பிரேயர் முடிந்தது. அஞ்சலை வரவில்லை. முதல் பீரியடும் போயிற்று. என் மனம் விட்டுப்போனது. இரண்டாம் மணி அடித்த பிறகு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கோவிந்தன் சைக்கிளில் அவளைக் கொண்டுவந்து இறக்கினார். எனக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஜெபமணி டீச்சரோ கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, லேட்டா வந்தா என்ன செய்யணும்? வகுப்புக்கு வெளிய நில்லு" என்றார். "நான்தாங்க லேட்டு பண்ணிட்டேன்" என்று பதறிய அப்பாவையும் போகச் சொல்லிவிட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, கேட்டே விட்டேன். "இன்னிக்கு அவள விருந்தாளியா நடத்தினா, ரெண்டு நாள்ல விருந்தாளி மாதிரியே கிளம்பிப் போயிருவா. வெளிய நிக்கட்டும். அப்பதான் இது அவ பள்ளிக்கூடம்" என்றார். அதற்குப் பிறகு அந்த வருஷம் அவள் ஒரு நாள்கூடப் பள்ளிக்கு வராமல் நின்றதில்லை.

அஞ்சலை பதினொன்றாவது தேறினாள். ஆசிரியப் பயிற்சி முடித்து, போன வருஷம் நம் பள்ளிக்கே கீழ்வகுப்பு டீச்சராக வந்துவிட்டாள். அத்தை மகன் வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு சௌக்கியமாக இருக்கிறான். பள்ளிச் செய்தியை அன்றுமுதல் ஜூன் மாதத்தில் மூன்று ஷிப்ட் பஸ்ஸிலும் வாசிக்கிறோம். சென்ற திங்கட்கிழமை தந்தி வந்த பிறகு, இந்த வருஷம் வேண்டாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். அஞ்சலைதான், "அப்பாங்க காத்துகினு இருப்பாங்க டீச்சர்" என்று காகிதத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

இரண்டாம் ஷிப்ட் பஸ்ஸில் முதல் செய்தியாக ஜெபமணி டீச்சர் இறந்ததைச் சொன்னேன். ஓட்டுநர் இன்ஜினை நிறுத்தினார். இரண்டு பெயருக்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை. மீதியை நாளைக்கு வாசிக்கிறேன் என்று காகிதத்தை மடித்தேன்.

ஜெபமணி டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது என்ன என்று கேட்டால், நானாக ஒன்றும் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. சென்ற திங்கட்கிழமை அந்தப் பஸ்ஸில், டீச்சர் விட்டுப்போன வேலையை என் கையில் திருப்பிக் கொடுத்தவர் கோவிந்தன். நரைத்துப்போன தலையோடு நடு வரிசையில் எழுந்து நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கடைசிப் பேரு வரைக்கும் படிச்சிடுங்க டீச்சர். அன்னிக்கு எம் பொண்ணு பேரு கடைசிலதான் வந்திச்சி."

படித்தேன்.