சம்பந்தி இட்ட ஒற்றை விண்மீன்

என் சம்பந்தியின் வேட்டி இணையக் கடையொன்றின் பக்கத்தில் இன்றும் காய்ந்துகொண்டிருக்கிறது. கொடியில் விரித்துப் போட்ட வெள்ளை வேட்டி. அதன்மேல் இளஞ்சிவப்புத் திட்டுகள். ஓரத்தில் படம் பிடித்தவரின் கட்டைவிரல். வேட்டிக்கு உரியவர் சென்ற மார்கழியில் மறைந்துவிட்டார். அவருடைய மகனும் என் மருமகனுமாகிய பிள்ளை, தந்தையார் பெயரில் அக்கடையில் உள்ள கணக்கை மூடிவிடலாம் என்று எண்ணுகிறார். மூடினால், அக்கணக்கின் வழியாக எழுதப்பட்ட மதிப்புரைகள் யாவும் உடன் நீங்கிவிடுமாம். நீங்கினால் வேட்டியும் போகும். வேட்டிக்கு மேலே அவர் எழுதிய சில வரிகளும் போகும். வாங்குவோரும் விற்போரும் ஒருவர் முகத்தை ஒருவர் காணாத ஒரு சந்தையில், ஒரு மனிதர் தம் சொல்லுக்குத் தாமே பொறுப்பேற்ற நிகழ்ச்சிக்கு அதன்பின் சான்று இராது. அருகிருந்து கண்டவன் என்பதால் அதை எழுதிவைக்கும் கடமை எனக்கு உண்டு என்று கருதுகிறேன்.

சம்பந்தி ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருந்தவர். கேரளத்துக்குப் புறப்படும் சரக்குந்துகளின் உறுமலுக்கு நடுவே நாள் முழுதும் குரல் கொடுத்துக் கொடுத்து, வீட்டில் தண்ணீர் கேட்டாலும் ஏலம் கூறுவது போலவே கேட்பார். உழவர்கள் கொண்டுவரும் தக்காளிப் பெட்டியை மேலாகப் பார்த்து அவர் விலை கூறியதை எவரும் கண்டதில்லை. பெட்டியைச் சாக்கின்மேல் தலைகீழாகக் கவிழ்ப்பார். அடியில் கிடந்தவை மேலே வரும். அதன் பிறகே வாய் திறப்பார். "அடியப் பாக்காம சொல்றது வெலைங்களா? அது ஜோசியமுங்க" என்பார். சரக்கில் சொத்தை இருந்தால் கொண்டுவந்தவரின் முகத்துக்கு நேரே, கூட்டத்தின் நடுவே சொல்வார். தாம் கூறியது தவறு என்று பிறகு தெரியவந்தால், அதே கூட்டத்தின் நடுவே, அதே உரத்த குரலில் அதைத் திருப்பிக்கொள்வார். அவருடைய மண்டியில் இதை யாரும் பெருந்தன்மையாகக் கருதியதில்லை. முதற்குரல் எத்தனை காதில் விழுந்ததோ அத்தனை காதிலும் மாற்றுக்குரலும் விழவேண்டும்; அங்கே வழக்கம் அவ்வளவுதான்.

முதுமையில் மகன் வாங்கித் தந்த திறன்பேசியில் இணையக் கடையைக் கண்டபோது, அவர் அதையும் ஒரு சந்தையாகவே கண்டார். பொருள்களைவிட, பொருள்களின் கீழே பலர் எழுதியிருந்த மதிப்புரைகளே அவரை ஈர்த்தன. ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "சம்பந்தி, எல்லாரும் சத்தம் போட்டுப் பேசறாங்க, ஒருத்தனுக்கும் மூஞ்சி இல்லீங்க!" பெயரை மறைத்து எழுதுவோரையும், வெறும் எழுத்தும் எண்ணுமாகப் பெயர் சூட்டிக்கொண்டோரையும் குறித்தே அவ்வாறு வியந்தார். தாம் எழுதத் தொடங்கியபோது ஒவ்வொரு மதிப்புரையின் கீழும் தம் பெயரையும், காய்கறி மண்டி என்பதையும், ஊரையும் எழுதினார். இவ்வளவும் எதற்கு என்று நான் வினவினேன். "நாளைக்கு எவனாச்சும், ஏன்டா இப்படி எழுதுனேன்னு கேக்கோணும்னா, எங்கீங்க வந்து கேப்பான்?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார். அவருடைய மதிப்புரைகள் சிலவற்றை இப்போது மீண்டும் படித்தேன். குடை ஒன்றைப் பற்றி இவ்வாறு எழுதியிருக்கிறார்: 'மழையில் நின்று பார்த்தேன். நனையவில்லை. பிடி சிறிது. என் கை பெரிது. அதற்குக் குடை என்ன செய்யும்.' ஒரு பொருளின் குறையையும் தம் கையின் குறையையும் பிரித்தறிந்து எழுதும் இந்த நேர்மை, நூல் மதிப்புரைகளில்கூட நான் அடிக்கடி கண்டதன்று.

என் மகளுக்கு இரண்டாம் குழந்தை பிறந்தபோது சம்பந்தியம்மாள் திண்டுக்கல்லில் எங்கள் இல்லத்தில் வந்து தங்கியிருந்தார். ஒட்டன்சத்திரத்து வீட்டில் தனியே இருந்த சம்பந்தி, அம்மையார் திரும்பிவந்து வியக்கட்டும் என்று அடர்சிவப்புப் போர்வை ஒன்றை வரவழைத்தார். அப்போதுதான் சலவைப் பொறியும் வீட்டுக்கு வந்திருந்தது. புதுப் போர்வையையும் தம் வேட்டிகளையும் ஒருங்கே அதற்குள் இட்டுப் பொத்தானை அழுத்தினார். அதன் கண்ணாடி வட்டத்துக்கு எதிரே நாற்காலி போட்டு அமர்ந்து வேடிக்கை பார்த்தார். நீர் மெல்லச் சிவந்ததாம். பார்க்க அழகாக இருந்ததென்று பின்னர் என்னிடம் ஒப்புக்கொண்டார். வேட்டிகள் வெளியே வந்த பிறகே அழகின் விலை புரிந்தது. உடனே ஒன்றைக் கொடியில் விரித்துப் போட்டுப் படம் பிடித்தார். ஐந்து விண்மீன்கள் இடத்தக்க இடத்தில் ஒன்றே ஒன்றை இட்டு, 'சாயம் போகிறது. வேட்டி கெட்டது. படம் இணைத்துள்ளேன்' என்று எழுதி, வழக்கம்போலப் பெயர், மண்டி, ஊர் மூன்றையும் பொறித்தார்.

அன்று மாலை காணொளி அழைப்பில் வேட்டியைத் தூக்கிக் காட்டியபோது சம்பந்தியம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். "ஏனுங்க, புதுத் துணிய உப்புத் தண்ணியில தனியா அலசோணும்னு இத்தன வருசத்துல தெரியலீங்களா உங்களுக்கு?"

"நீ எப்ப என்னைய அலச உட்ட?"

"இனிமே உட்டுர்றனுங்க. தாராளமா அலசுங்க!"

வீடே சிரித்தது. அவர் மட்டும் தம் கருத்தினின்று இறங்கவில்லை. "விக்கறவங்கதானுங்க சொல்லோணும்? எனக்குத் தெரியலைன்னா அது அவங்க குத்தமுங்க" என்றார். எனக்கும் அது முறையென்றே பட்டது.

சில வாரங்கள் கழித்து, பெயர் சூட்டும் விழாவுக்குக் காய்கறி வாங்க அவருடைய மண்டிக்குச் சென்றிருந்தேன். ஏலம் முடிந்து, சுமைதூக்குவோர் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளை. துணிப்பை ஒன்றை மார்போடு அணைத்தபடி இளம்பெண் ஒருத்தி, பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். வேட்டிப் படம் போட்டவர் நீங்கள்தாமா என்று நேரே அவரிடம் கேட்டாள்.

"நான்தானுங்க. உக்காருங்க, அம்மிணி."

அவள் உட்காரவில்லை. "அந்தப் போர்வை நான் தெச்சதுய்யா. குஜிலியம்பாறைப் பக்கம் எங்க ஊரு. மழை இல்லாம காடு சும்மா கெடக்கு. சாயத் துணி வாங்கி ஓரம் தெச்சு அந்த நெட்டுக் கடையில போட்டுத்தேன் பொழைக்கிறேன். உங்க வேட்டி ஏறுன நாள்ல இருந்து ஒரு ஆர்டர் இல்லய்யா. தெச்ச அம்புட்டும் கட்டிலுக்கு அடியில கெடக்கு. இப்படியே போனா மிஷின வித்துட்டு மில்லு வேலைக்குத்தேன் போகணும்."

"நான் பொய் எழுதிட்டனுங்களா?"

"பொய்யின்னு சொல்லலய்யா. மொதத் தண்ணிக்குச் சாயம் போகத்தேன் செய்யும். அதத்தேன் எழுதிப் போட்டிருக்கேனே, பாக்கலையா நீங்க?"

சம்பந்தி திறன்பேசியை எடுத்தார். போர்வையின் பக்கத்தைத் திறந்தார். விலையும் அளவும் கூறும் வரிகளுக்குக் கீழே, 'மேலும் காண்க' என்று சிறிய எழுத்தில் இருந்ததை அழுத்தினார். சுருண்டிருந்த பகுதி விரிந்தது. அதன் கடைசியில், முதல் இரண்டு முறை உப்பு நீரில் தனியே அலசுக என்று தெளிவாக எழுதியிருந்தது. அவர் உதடு அசைய அதை இருமுறை படித்தார். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த சுமைதூக்குபவர் ஒருவர் விட்டுவைக்கவில்லை: "மொதலாளி, தக்காளின்னா தலகீழாக் கவுத்துப் பாப்பீங்க. போனைக் கவுக்க மறந்துட்டீங்களாட்டங்க!"

மண்டி முழுதும் சிரிப்பு எழுந்தது. அது அடங்கும்வரை சம்பந்தி பொறுத்திருந்தார். பிறகு எழுந்து நின்று, அந்தப் பெண்ணை நோக்கி, ஏலம் கூறும் அதே குரலில், "அடியப் பாக்காம எழுதிட்டனுங்க. தப்பு என்னுதுங்க" என்றார். பெட்டி அடுக்கியவர்கள் கை நிறுத்தித் திரும்பிப் பார்த்தனர்.

அவளுக்கு அந்த அறிவிப்பால் ஒன்றும் ஆகவேண்டியதில்லை. "அத எடுத்துருங்கய்யா, அது போதும். ஒரு அமுக்குத்தேன்" என்றாள்.

"எடுக்க மாட்டனுங்க."

அவள் கண் கலங்கிற்று. நானே திடுக்கிட்டேன். சம்பந்தி பொறுமையாக விளக்க முற்பட்டார். "நான் எடுத்துட்டா, போன வாரம் அதப் பாத்துட்டு வாங்காமப் போனவங்க மனசுல இருந்து போயிருங்களா? அவங்க திரும்பி வந்து பாத்தா, காசு வாங்கிட்டு எடுத்துட்டான்னுல்ல நெனைப்பாங்க? அங்கயே எழுதோணும், அம்மிணி."

"எழுதுனாலும் வேட்டி தொங்குமேய்யா! செவப்பா!"

"தொங்கட்டும். ஏன் செவந்துச்சுன்னு கீழ எழுதிப் போடறேன்."

"கீழ எழுதுனா எவுக படிப்பாக? நீங்களே கீழ படிக்கலையேய்யா!"

முதலில் சிரித்தவர் சம்பந்திதான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரிங்க, மேலயே எழுதறேன்" என்றார்.

திருத்தத்தை எழுதித் தருமாறு என்னைப் பணித்தார். கல்லூரியில் நெடுங்காலம் தமிழ் கற்பித்தவன் என்னும் உரிமையில் இரண்டு வரி சொன்னேன். "சம்பந்தி, இது கல்வெட்டுல வெட்டறதுங்க" என்று மறுத்துவிட்டார். இறுதியில் அவரும் அவளுமாகச் சொல் சொல்லாகப் பேரம் பேசி அமைத்த வாசகம் இது: 'வேட்டி கெட்டது என் தவறு. முதல் இரண்டு முறை உப்புத் தண்ணீரில் தனியாக அலச வேண்டும் என்று விற்பவர் எழுதியிருக்கிறார். நான் கடைசிவரை படிக்கவில்லை. நீங்கள் படியுங்கள். போர்வை நல்ல போர்வை. முன்பு நான் எழுதியது கீழே இருக்கிறது.' விண்மீன்கள் நான்காக உயர்ந்தன. அவள் விடவில்லை, ஒன்றை எதற்குக் குறைத்தீர்கள் என்று கேட்டாள். உப்புச் செய்தியை மேலே எழுதியிருந்தால் தம் வேட்டி பிழைத்திருக்குமே என்றார் அவர். அங்கேயே நின்று தன் பேசியில் அந்த வரியை முதல் வரியாக மாற்றிக் காட்டினாள். அதை நெடுநேரம் பார்த்துத் தலையசைத்தாரே தவிர, ஐந்தாவது விண்மீனைத் தரவில்லை. "மாத்துனது நல்லதுங்க. ஆனா வேட்டி வேட்டிதானுங்க" என்றார். பேருந்துக்குப் புறப்பட்டவள் பையில் ஒரு கட்டு முருங்கைக்காயை வைத்து அனுப்பினார்.

அதன்பின் அவள் தொழில் மெல்லத் தலைதூக்கியது. திருத்தத்தால்தான் அவ்வாறு ஆயிற்றா, தீபாவளி நெருங்கியதால் ஆயிற்றா என்று என்னால் அறுதியிட இயலாது. எனக்கு வியப்பாக எஞ்சியது வேறொன்று. எழுதியதைச் சுவடின்றி நீக்கும் வசதியை நாம் எவ்வளவு எளிதாக ஏற்றுக்கொண்டோம்! நீக்குவதும் திருத்துவதும் ஒன்றே என்று நானும் அதுவரை எண்ணியிருந்தேன். சம்பந்திக்கு அவ்விரண்டும் ஒன்றாகத் தோன்றவேயில்லை. தம் பெயரை அவர் எழுதியிருந்ததால்தான் அவள் இரண்டு பேருந்து மாறி வந்து அவரைக் கேட்க முடிந்தது. கேட்டதால்தான் அவர் திருத்த முடிந்தது. பெயரில்லாத ஒருவர் அந்த வேட்டியைத் தொங்கவிட்டிருந்தால் அவள் எந்த ஊருக்குப் பேருந்து ஏறியிருப்பாள்?

கணக்கை மூடும் பேச்சு எழுந்ததும், அந்தப் பெண்ணுக்குத் தெரிவிப்பது முறையென்று தொலைபேசியில் அழைத்தேன். அவர் மறைந்ததையும் கணக்கை மூட எண்ணுவதையும் சொன்னேன். அவள் சொன்னாள்: "எடுத்துறாதீகய்யா. அன்னைக்கு எடுங்கன்னு அழுதவ நாந்தேன். இப்ப வாரவுகள்ல பாதிப் பேரு மொதல்ல அந்த வேட்டியத்தேன் பாக்காக. பாத்துட்டு, மேல இருக்கிறதப் படிச்சிட்டுத்தேன் வாங்குறாக. பேரு ஊரோட எனக்காகப் பேசுன ஒரே ஆளு அவுகதேன்."

மருமகனிடம் இதைக் கூறினேன். இறந்தவரின் பெயரில் கணக்கு திறந்து கிடப்பது பாதுகாப்பன்று என்பது அவர் வாதம். அதிலும் நியாயம் உண்டு. இருவரும் சேர்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். வேட்டியின் கீழே, யாரோ ஒருவர் அண்மையில் சம்பந்தியைப் பெயர் சொல்லி விளித்து ஒரு வினா எழுப்பியிருந்தார்: 'ஐயா, உப்பு எவ்வளவு போட வேண்டும்?'

மருமகன் அந்த வரியை வாய்விட்டுப் படித்தார். தந்தையார் கணக்கிலிருந்தே விடை எழுதிவிடலாமா என்றார். அவர் எழுதாததை அவர் பெயரில் எழுதுவது தகாது என்றேன். சம்பந்தியம்மாளைக் கேட்டோம். "ஒரு வாளிக்கு ரெண்டு கைப்பிடி கல்லுப்புங்க. அவருக்குத்தான் அது கடைசி வரைக்கும் தெரியாதுங்களே!" என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதுகாறும் எந்த இணையக் கடையிலும் ஒரு சொல்லும் எழுதியிராத நான், மருமகன் துணையோடு எனக்கென ஒரு கணக்கைத் தொடங்கினேன். 'ஒரு வாளிக்கு இரண்டு கைப்பிடி கல்லுப்பு. ஐயா மறைந்துவிட்டார். இதைச் சொன்னவர் அவருடைய துணைவியார். எழுதியவன் அவருடைய சம்பந்தி' என்று விடை எழுதி, கீழே என் பெயரையும் திண்டுக்கல் என்பதையும் சேர்த்தேன். கணக்கை மூடும் பேச்சை மருமகன் பிறகு எடுக்கவில்லை. வேட்டி இன்னும் கொடியில் காய்கிறது.

இங்கு நான் எழுதியவற்றில், அன்று மண்டியில் இருந்தவர்களுக்கோ அந்தப் பெண்ணுக்கோ வேறு எவருக்கேனுமோ பிழை தென்பட்டால், அருள்கூர்ந்து தெரிவிக்க வேண்டுகிறேன். பிழையை நீக்கிவிட மாட்டேன். திருத்தத்தை மேலே எழுதி, பிழையை அதன் கீழே அப்படியே விட்டுவைப்பேன்.