வாளிக்குள் வண்டு

முட்டைக்கோவா நட்டு நாலாம் நாள் விடியத் தோட்டத்துக்குப் போனேன். பத்துப் பன்னிரண்டு கன்றுகள் அடியோடு அறுந்து கிடந்தன. அவற்றின் பக்கத்தில் பெரிய கறுத்த வண்டுகள் நின்றன. முதுகில் ஆறு வெள்ளைப் பொட்டு. எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்து வந்தேன். மண்வெட்டியின் பின்பக்கத்தால் ஒரு அடி.

அன்று ஒன்று தப்பி ஓடியது. குனிந்து தேடினேன். அது மண்ணைக் கிளறி, ஒரு சாம்பல் நிறப் புழுவை இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. அறுந்த கன்றின் அடியைத் தோண்டினேன். அங்கேயும் அதே புழு, சுருண்டு கிடந்தது. கன்றை வெட்டுவது வண்டு இல்லை. இவ்வளவு காலமும் வீணாக அடித்திருக்கிறேன்.

பின்னேரம் வாசிகசாலையில் கமக்காரர் சங்கக் கூட்டம். வண்டுக்கு எல்லாத் தோட்டங்களிலும் ஒரே நாளில் மருந்து அடிப்பதாகப் பேச்சு. அடித்தால் என் தோட்டத்தில் ஒரு வண்டும் மிஞ்சாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கூட்டத்தில் கடைசி வரிசை வாங்கிலில் இருந்து, கையெழுத்து வைத்துவிட்டு வருவேன். ஒருநாளும் எழும்பிக் கதைத்ததில்லை. அதனால் ஒரு வாளியில் மண் போட்டு, கோவாக் கன்று ஊன்றி, வண்டை விட்டுக் கொண்டு போனேன். புழுக்கள் தனியாகத் தகரப் பேணியில்.

வாளியை மேசையில் வைத்தேன்.

"அண்ணை, மூடியைக் காணேல்லை. பறந்து வந்து தலைவரின்ரை மூக்கிலை குந்தப்போகுது," என்றான் பக்கத்துத் தோட்டக்காரன். எல்லோரும் சிரித்தார்கள்.

"உது பறக்காது," என்றேன்.

கூட்டத்துக்கு வந்திருந்த விவசாயப் போதனாசிரியர் எட்டிப் பார்த்தார். "ஓம். உந்த இனத்திலை கன வகை இருக்கு. ஒண்டுக்கும் பறக்கேலாது."

"கன்றை வெட்டுறது இந்தப் புழுதான்," என்று பேணியை வாளிக்குள் கவிழ்த்தேன். வண்டு ஒரு புழுவைப் பிடித்தது. சிரிப்பு நின்றது. அடுத்ததையும் பிடித்தது. கன்றைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"மருந்து அடிச்சால் புழுவும் சாகும்தானே?" என்றார் தலைவர்.

"புழுவின்ரை தாய் அந்துப்பூச்சி. அது பறந்து வந்து திரும்ப முட்டையிடும். வண்டு நடந்துதான் வரவேணும். எத்தினை வருசம் செல்லுமோ?" என்றேன்.

முழுவதையும் சொல்லி முடித்த பிறகுதான், எல்லோருக்கும் முன்னால் நின்று கதைத்துவிட்டேன் என்பது தெரிந்தது.

தலைவர் கை உயர்த்தச் சொன்னார். மருந்துக்கு ஒரு கையும் எழவில்லை.

வெளியே சைக்கிளில் வாளியைக் கொழுவும்போது பக்கத்துத் தோட்டக்காரன் ஓடி வந்தான்.

"அண்ணை, உந்த வண்டை எனக்குத் தாங்கோ. என்ரை கோவாவுக்கை விடுறன்."

யாருக்கும் எதையும் மறுத்துப் பழக்கமில்லாதவன் நான்.

"தரமாட்டன்," என்றேன். "உம்மடை தோட்டத்திலையும் நிக்குது. அடியாமல் விட்டாலே போதும்."

நேரே தோட்டத்துக்குப் போய் வாளியைச் சரித்தேன். வண்டு இறங்கி, அவசரப்படாமல் பாத்திக்குள் நடந்து போனது.