செவலை குடிக்காத தண்ணீர்

இரண்டு வருடத்துக்கு முன்னால், மாசி மாதக் கடைசியில் நடந்தது இது. திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி போகும் ரோட்டில் ஒரு குதிரைப் பண்ணை. அங்கேதான் அப்போதும் வேலை பார்த்தேன், இப்போதும் பார்க்கிறேன். ஒன்பது குதிரைகள். தீனி, தண்ணீர், குளிப்பாட்டுவது, சேணம் கட்டுவது எல்லாம் என் பொறுப்பு. நான் அஞ்சாவதுக்கு மேல் படிக்கவில்லை. பேச்சும் குறைவு. பண்ணையில் என்னைப் பற்றி, "அண்ணன் பேச மாட்டாரு, பேசினா பொய் இருக்காது" என்பார்கள். அதைக் கேட்க எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

பண்ணையில் குதிரை ஏறப் பழகியவர்கள் எட்டுப் பேரும் முதலாளியும் சேர்ந்து நாலு நாள் பயணம் போவதாக ஏற்பாடு. செம்பட்டி தாண்டி மலையடிவாரத் தோப்புகள் வழியாகக் கீரனூர் வரைக்கும். மூன்று ராத்திரி தோப்பில் கூடாரம் போட்டுத் தங்கல். ஒரு மாதமாக அதே வேலை. குதிரைகளைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் கூட்டி நடத்தினோம். எல்லாவற்றுக்கும் புது லாடம் அடித்தோம். வழியில் பசும்புல் கிடைக்காது என்பதால் ஒரு வாரம் முன்னாலேயே காய்ந்த சோளத்தட்டைக்கு மாற்றினோம்.

அந்த எட்டுப் பேரில் ஒருவர் ஓய்வு பெற்ற டீச்சர். திண்டுக்கல் டவுனில் கிறிஸ்தவக் குடும்பம். அறுபது வயதுக்குப் பிறகு குதிரை ஏற வந்தவர். டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவார், ஒரு மணி நேரம் ஓட்டுவார், திரும்பப் பஸ் ஏறுவார். ஏன் இந்த வயதில் என்று முதலாளி ஒருநாள் கேட்டதற்கு, "முப்பத்து மூணு வருசம் ஒரே பஸ்ல ஒரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பஸ் போகாத வழியில நாலு நாள் போய்ப் பாக்கணும்" என்றார். பயணத்துக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்து, முடிந்ததற்கெல்லாம் டிக் போடுவார்.

டீச்சர் ஏறுவது செவலையில். பொறுமையான பெட்டைக் குதிரை. வயதானவர்களையும் பயந்தவர்களையும் அதில்தான் ஏற்றுவோம். வேறு எந்தக் குதிரையையும் நம்பி டீச்சரை அனுப்ப முடியாது. செவலைக்கு ஒரே ஒரு பிடிவாதம். அதன் லாயத்துப் பக்கத்தில் இருக்கும் சிமெண்ட் தொட்டியில் மட்டும்தான் தண்ணீர் குடிக்கும். வாளியில் வைத்தால் மோந்து பார்க்கும், உதட்டைச் சுளிக்கும், திரும்பிக்கொள்ளும்.

கிளம்புவது சனிக்கிழமை காலை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எல்லாரும் கூடினார்கள். ஒன்பது குதிரைக்கும் ஒன்பது வாளி வைத்துப் பார்த்தோம். எட்டும் குடித்தன. செவலை குடிக்கவில்லை.

பயணத்துக்கு வருகிற பிரியாணிக் கடைக்காரர் நல்ல கனத்த ஆள். அவர்தான் ஆரம்பித்தார். "மகாராணிக்குத் தொட்டியையும் குட்டியானை வண்டியில ஏத்திருவோமா?"

"முதல்ல உங்களைச் சுமக்கப் போற குதிரைக்கு ஒரு குட்டியானை சொல்லுங்க சார். பாதி வழியில அது ஏறிக்கிரும்" என்றார் டீச்சர்.

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "டீச்சர், தவக்காலம்னு கறி வேண்டாம்னுட்டீங்க. தோப்புல என் பிரியாணி வாசத்துக்கு உங்க விரதம் நிக்குதான்னு பாப்போம்" என்றார்.

முதலாளி சிரிக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிடாமல் எல்லார் முன்னாலும் சொன்னார். "அண்ணே, வாளியில குடிக்காத குதிரையை நாலு நாள் கூட்டிட்டுப் போக முடியாது. விட்டுட்டுத்தான் போகணும்."

டீச்சர் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு நான் சொன்னேன்.

"மூணு நாள் இருக்குல்ல. குடிக்க வைக்கிறேன்."

என் அப்பா வண்டி மாடு பழக்கியவர். புது இடத்தில் தண்ணீர் குடிக்காத மாட்டை ஒருநாள் காயப் போடுவார். தாகம் எடுத்தால் எந்தத் தண்ணீரும் இனிக்கும் என்பார். மாடு குடிக்கும். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். குதிரை மாடு இல்லை என்று எனக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை காலை தொட்டியின் அடியில் இருந்த துணி அடைப்பைப் பிடுங்கினேன். தண்ணீர் முழுவதும் முருங்கை மரத்தடிக்கு ஓடிவிட்டது. வாளியை வைத்தேன். செவலை மோந்தது, திரும்பிக்கொண்டது. வெல்லம் கரைத்து வைத்தேன். இரண்டு வாய் குடித்தது. சரி, வழிக்கு வருகிறது என்று நினைத்தேன். மத்தியானம் வெயில் கொளுத்தியது. வாளியைத் தொடவே இல்லை.

வியாழக்கிழமை காலை செவலை போட்டிருந்த லத்தி குறைவாக இருந்தது. உருண்டை சிறிதாக, காய்ந்து கிடந்தது. பார்த்தேன். முதலாளி கூடாரம் போடும் தோப்புகளுக்குத் தீவனம் இறக்கப் போயிருந்தார். போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. இன்னும் ஒரு பொழுது பார்ப்போம் என்று இருந்துவிட்டேன்.

மத்தியானம் இன்னொன்றும் பார்த்தேன். செவலை காலித் தொட்டிக்குள் தலையை விட்டு, அடியில் ஈரமாக இருந்த சிமெண்டை நக்கிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அடைப்பை வைத்துக் குழாயைத் திறந்திருக்க வேண்டும். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் சேணத்துக்கு எண்ணெய் போடப் போனேன்.

அன்றைக்குச் சாயங்காலம் டீச்சர் வந்தார். அவர் வருவதற்குச் செத்த நேரம் முன்னால்தான் வாளியில் தூசி விழுந்திருக்கிறதே என்று பழைய தண்ணீரைக் கீழே கொட்டியிருந்தேன். புதுசு பிடிக்கவில்லை. டீச்சர் நேராக வாளியைத்தான் பார்த்தார்.

"காலியா இருக்கே! குடிச்சுட்டாளா தம்பி?"

இல்லை டீச்சர் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை. மூன்று நாளில் குடிக்க வைக்கிறேன் என்று எல்லார் முன்னாலும் சொன்ன வாயும் விடவில்லை. நாளைக்கு எப்படியும் குடித்துவிடும், அப்புறம் இது பொய்யே இல்லை என்றும் நினைத்தேன்.

"ம்" என்றேன்.

டீச்சர் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். "என் தங்கம். கடைசியில என் மானத்தைக் காப்பாத்திட்ட" என்றார். நோட்டை எடுத்து ஒரு டிக் போட்டார். அன்று குதிரை ஏறவில்லை. சனிக்கிழமை தெம்பாக இருக்கட்டும் என்று தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை விடிந்து நான் போனபோது செவலை முன்னங்காலால் தரையைத் தோண்டிக்கொண்டிருந்தது. திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்த்தது. படுத்தது, எழுந்தது. லத்தி ஒன்றுகூட இல்லை. தொட்டியை நிரப்பினேன். அதன் சொந்தத் தொட்டி, நிறையத் தண்ணீர். செவலை வந்து உதட்டை வைத்தது. குடிக்கவில்லை. தலையைத் தூக்கிக்கொண்டது. அப்போதுதான் போனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டேன்.

முதலாளி கால்நடை டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மறுநாள் பயணத்துக்குப் பையெல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு டீச்சரும் அந்த நேரம் வந்து சேர்ந்தார்.

டாக்டர் வயிற்றில் காது வைத்துக் கேட்டார். "தண்ணி கடைசியா எப்பக் குடிச்சுது?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் நோட்டைப் புரட்டினார். "நேத்து சாயங்காலம் ஒரு வாளி முழுசா குடிச்சா டாக்டர். நான் எழுதி வச்சிருக்கேன்."

டாக்டர் தலையாட்டிவிட்டுப் பையைத் திறந்தார். ஊசி எடுத்தார். அந்த நேரமும் நான் சும்மா நின்றேன். ஊசியில் மருந்து ஏற்றுவதைப் பார்த்த பிறகுதான் சொன்னேன்.

"குடிக்கலைங்க. புதன்கிழமை ரெண்டு வாய். அதுக்கப்புறம் இல்லை. தொட்டியை நான்தான் காயப் போட்டேன். டீச்சர்கிட்ட நான் சொன்னது பொய்."

அந்தப் பண்ணையில் நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

யாரும் திட்டவில்லை. டாக்டர் மட்டும் முகத்தைத் திருப்பாமல், "காஞ்ச தட்டையும் தின்னு தண்ணியும் இல்லைன்னா உள்ள கல்லு மாதிரி அடைச்சுக்கும்யா. நேத்துச் சொல்லியிருந்தா லேசா முடிஞ்சிருக்கும்" என்றார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெயும் தண்ணீரும் ஏற்றினார். குளுக்கோஸ் கட்டினார். நடத்தச் சொன்னார். நான் பிடித்து நடத்தினேன். டீச்சர் மறு பக்கம் நடந்தார். சாயங்காலம் இரண்டு சின்ன உருண்டை லத்தி போட்டது. பிழைத்துவிடும் என்று நினைத்தோம்.

சனிக்கிழமை காலை செவலை எழுந்திருக்கவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, குடல் முறுக்கிக்கொண்டது, இனி வலி தெரியாமல் இருக்க ஊசி மட்டும்தான் என்றார்.

மற்றவர்கள் போவதா வேண்டாமா என்று வாசலில் நின்றார்கள். பிரியாணிக் கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "விடுங்கப்பா, இன்னொரு நாள் போவோம்" என்றார். டீச்சர்தான், "சமையல் ஆளு, தீனி எல்லாம் முன்னாடியே போயிருச்சு. நீங்க கிளம்புங்க. நான் இவகூட இருக்கேன்" என்று அனுப்பி வைத்தார்.

முதலாளியோடு எட்டுக் குதிரைகளும் கேட்டைத் தாண்டின. புது லாடச் சத்தம் ரோட்டில் கேட்டது. அதைக் கேட்டுச் செவலை தலையைத் தூக்கியது. எங்கே இருந்து தெம்பு வந்ததோ, ஒரு தரம் கனைத்தது. ரோட்டிலிருந்து ஏதோ ஒரு குதிரை பதிலுக்குக் கனைத்தது. செவலை காதை அந்தப் பக்கமே திருப்பி வைத்திருந்தது. சத்தம் தேய்ந்து போன பிறகு தலையைக் கீழே வைத்தது. பத்து மணிக்கு மேல் மூச்சு நின்றது. தலை தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது.

முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம் ஜேசிபி வைத்துக் குழி தோண்டினோம். மண் மூடிய பிறகு டீச்சர் தன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். கேட் வரை நான் பின்னால் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அவரே நின்று திரும்பினார்.

"எதுக்குத் தம்பி பொய் சொன்னீங்க?"

"நீங்க போகணும்னு ஆசைப்பட்டீங்க டீச்சர்."

அவர் பையை மறு கைக்கு மாற்றினார்.

"குடிக்கலைன்னு சொல்லியிருந்தா நான் வீட்டுல இருந்திருப்பேன். அம்புட்டுத்தானே தம்பி?"

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு பண்ணைப் பக்கம் வரவில்லை. முதலாளி என்னை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. போகச் சொல்லியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இப்போது எந்தக் குதிரையைப் பற்றியும், தண்ணீர் குடித்ததா என்று யார் கேட்டாலும் எத்தனை வாளி, எத்தனை மணிக்கு என்று வாய் திறந்து சொல்கிறேன், குடிக்கவில்லை என்றால் குடிக்கவில்லை என்று கேட்காமலே சொல்கிறேன். பேசாதவன் பொய் சொல்ல மாட்டான் என்று இன்னும் சிலர் என்னைச் சொல்லும்போது மட்டும், அன்றைக்குச் சொன்ன அந்த ஒரு 'ம்' எனக்குள் கேட்கிறது.