பெட்டி வேறு, தண்டு வேறு

டிராக்டரின் பின்னால் மாட்டி உழும் அந்த ரோட்டவேட்டரைப் பார்த்தாலே ஜெயசித்ராவுக்கு எரிச்சல் வந்தது. குருவிநத்தத்தில் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் மூன்று வாரமாக அதைக் கட்டைமேல் ஏற்றி வைத்திருந்தாள். அடியில் வைத்த தட்டில் ஆயில் சொட்டிக்கொண்டே இருந்தது.

நடவுக்குப் போய்க்கொண்டிருந்தவள், பிறகு ஒரு மோட்டார் கம்பெனியில் ஒன்பது வருடம் பேரிங் மாட்டினாள். கம்பெனியை மூடியதும் பழைய விவசாயக் கருவிகளை வாங்கிச் சரிசெய்து விற்கத் தொடங்கினாள். பெயர்த்தகடு இல்லாவிட்டாலும் இன்ன கம்பெனி, இன்ன மாடல் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இதை வில்லியனூர்ப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் எடுத்தாள். மண்ணைக் கிளறும் கத்திகள் பூட்டிய தண்டைப் பார்த்ததுமே மாடலைச் சொன்னாள். டிராக்டர் வைத்திருந்து, இதை வாங்கக் காத்திருந்த கலியனிடமும் உறுதி கொடுத்தாள். "ஆயில் சீல் ஒன்னுதாண்ணா போயிருக்கு. நாலு நாள்ல ரெடி."

ஆயில் ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்தான் சீல். அந்த மாடலுக்கானது தண்டில் கச்சிதமாக உட்கார்ந்தது, கியர் பெட்டியின் துளையில் ஆடியது. பெரியதாக ஒன்று வாங்கினாள். அது துளையில் இறுகியது, தண்டில் ஆடியது. தவளக்குப்பம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரருக்கே அலுத்துவிட்டது. "இன்னா மாடல்னு கரெக்டா சொல்லும்மா."

"எத்தினி வாட்டி சொல்றது? அதே மாடல்தான்."

"அதுக்கு இதான் சீல்."

பசை தடவிப் பார்த்தாள், நூல் சுற்றிப் பார்த்தாள். ஒழுகியது. காலையில் தவறாமல் கலியன் வந்து நின்றார். "மானம் இருட்டிக்கினு வருது. மழைக்கு முன்ன புழுதி ஓட்டணும் ஜெயா."

"பேசாம திருப்பிக் குடுத்துடு," என்றான் புருஷன் நடேசன்.

"நீ சும்மா இரு," என்று ஸ்பேனரைத் தரையில் போட்டாள்.

அன்றைக்குக் கம்பி பிரஷ்ஷை எடுத்து மொத்த பெயின்ட்டையும் சுரண்டினாள். மேலே எல்லாம் நீலம். தண்டில் நீலத்துக்கு அடியில் சிவப்பு, பெட்டியில் பச்சை. இரண்டும் சேரும் இடத்தில் பழைய போல்ட் துளைகளை வெல்டிங் வைத்து அடைத்திருந்தார்கள். இரண்டு மெஷினை வெட்டி ஒன்றாக்கியிருக்கிறார்கள். தண்டை மட்டும் பார்த்து அவள் பெயர் சொல்லியிருக்கிறாள்.

இரும்புக்கடைப் புகழ்வேந்தனுக்குப் போன் போட்டுக் கத்தினாள்.

"எனக்கு வந்தப்பவே அப்புடித்தாம்மா இருந்துது," என்றார் அவர். "நீதான இன்னா மாடல்னு எனக்கே சொன்ன?"

போனை வைத்துவிட்டுக் கலியன் வீட்டுக்கு நடந்தாள். "நான் தப்பாச் சொல்லிட்டேண்ணா. அது ரெண்டு மெஷின். இன்னும் ரெண்டு நாள் குடு."

கலியன் வானத்தைப் பார்த்தார்.

தண்டுக்குச் சரியான சீலை வைத்துக்கொண்டு, துளையின் இடைவெளிக்கு லேத் பட்டறையில் ஓர் இரும்பு வளையம் கடையச் சொன்னாள். முதல் வளையம் அரை மில்லிமீட்டர் பெரிதாகிப் பாழானது. இரண்டாவது கச்சிதமாக இறங்கியபோது வெளியே மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் பக்கத்து வீட்டு டிராக்டரில் மாட்டி அரை மணி நேரம் ஓட்டினாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அதற்குள் கலியன் நிலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது.

எல்லாம் சரியாக ஓடுகிற மெஷினை அப்போதுதான் உதைக்க வேண்டும்போல இருந்தது. உதைக்கவில்லை. வெள்ளை பெயின்ட்டை எடுத்துப் பெட்டியின் மூடியில் எழுதினாள்: பெட்டி வேறு, தண்டு வேறு. கீழே சீல் அளவு, வளையத்தின் அளவு.

"இதப் படிச்சா எவன் வாங்குவான்?" என்றான் நடேசன்.

"வாங்கலன்னா போவட்டும். இன்னொருத்தர் இப்புடி அலையக் கூடாது."

தண்ணீர் வடிந்து பதினோராம் நாள் கலியன் வந்தார். எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தார். மெஷினை மாட்ட டிராக்டரைப் பின்பக்கமாகக் கொட்டகைக்குள் விட்டார்.