ஓட்டை இல்லாத குழல்

பதினொன்று. இந்த எண்ணை மறந்துவிட வேண்டாம். பிறகு தேவைப்படும்.

ஆதம்பாவா நிலத்தில் குந்தியிருந்து, ஈரச் சாக்கைச் சுருட்டி, ஜீப்பின் சைலன்சர் வாயில் அடைத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார். இயந்திரம் ஓடுகிறது. வெளியேற வழியில்லாத புகை குழலுக்குள் முட்டுகிறது. ஊசிமுனையளவு ஓட்டை இருந்தாலும் அந்த இடம் சீறும். கண்ணை மூடிக்கொண்டு, காதாலேயே குழலைத் தடவிப் பார்க்கிறார். சீறவில்லை. ஒட்டுகளில் சவர்க்கார நுரையைப் பூசுகிறார். ஒரு குமிழிகூட வரவில்லை. சாக்கை எடுத்து எறிந்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிடுகிறார்.

"ஓட்டை பொய் சொல்லாது" என்பது அவருடைய வாய்ப்பாடு. இன்றைக்கு ஓட்டையே இல்லை. புகை மட்டும் இருக்கிறது.

திருகோணமலை உள்துறைமுகத்துக்குப் போகிற வீதியில், நான்கு தகரமும் ஒரு வேப்பமரமும் சேர்ந்ததுதான் அவருடைய கராஜ். கப்பற்பட்டறையில் கொதிகலன் பகுதியில் பத்து வருடம் வேலை செய்தவர். ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளைக்காரன் கப்பல்களோடு போனான், வேலையும் போனது. நட்டஈடு கேட்டு நாலு மனுக்களில் கையெழுத்து வைத்தார். வந்த பதில்களைத் தார் பூசிக் கூரை ஒழுக்குக்கு அடைத்திருக்கிறார். அரசாங்கக் காகிதம் தடிப்பானது, நன்றாகத் தாங்குகிறது என்கிறார்.

பட்டறையில் இருந்து அவர் கொண்டுவந்தது குழல் வளைக்கிற வித்தை ஒன்றைத்தான். வெறுங்குழலை வளைத்தால் நசுங்கும். ஆகவே கடற்கரை மணலை அள்ளிவந்து, தாச்சிச் சட்டியில் போட்டு, கச்சான் கடலை வறுப்பதுபோல வறுப்பார். ஈரம் துளியும் இருக்கக்கூடாது. இருந்தால் சூட்டில் ஆவியாகி, குழல் வாயை அடைத்த கட்டை பறக்கும். ஒருமுறை பறந்து அடுத்த வளவுச் சோற்றுப் பானையில் விழுந்த கதை ஊருக்கே தெரியும். வறுத்த மணலைக் குழலுக்குள் இறுக்கி, இரண்டு வாயையும் மரக்கட்டையால் அடைத்து, சிவக்கக் காய்ச்சி, வேப்பங்கவட்டில் கொடுத்து வளைப்பார். வளைவு குழந்தையின் முழங்கைபோல வரும். அந்தத் தாச்சி, மனைவி உம்மு குல்சுமுடையது. குசினியிலிருந்து கராஜுக்கு வந்த தாச்சி எதுவும் திரும்பிப் போனதில்லை.

இன்னும் இரண்டு பழக்கம் சொல்ல வேண்டும். வண்டிக்காரன் வந்து குறையைச் சொல்லத் தொடங்கினால் கையைக் காட்டி நிறுத்துவார். "நீங்க கொஞ்சம் பேசாம நில்லுங்க. வண்டி கதைக்கட்டும்." இது ஒன்று. தான் திருத்திய வண்டி அதே குறையோடு திரும்பி வந்தால், தகரக் கதவில் வெண்கட்டியால் ஒரு கோடு இழுப்பார். இது மற்றது. வருடத்துக்கு இரண்டு கோடு விழுந்தாலே அதிகம்.

சாம்பல்தீவுக் குலசிங்கத்தின் ஜீப் வந்த பிறகுதான் கதவு வெள்ளையானது.

குலசிங்கம் ஏலத்தில் எடுத்த பழைய பட்டாளத்து ஜீப் அது. நகரத்திலிருந்து கிண்ணியாத் துறையைப் பாதையில், அதாவது வண்டிகளையும் ஏற்றுகிற மிதவையில், கடந்து, மூதூர் போய், வெருகல்வரை ஆள் ஏற்றுவான். மாரியில் கடல் கொந்தளித்தால் மூதூருக்கு ஆள் ஏற்றும் லோஞ்சுப் படகு ஓடாது. றோட்டிலும் இடுப்பளவு வெள்ளம் பாயும். அப்போது அந்தப் பக்கத்துச் சனத்துக்கு இருக்கிற ஒரே கால் இந்த ஜீப்தான். ஆனால் வயிற்றுக்குக் கீழே கிடந்த சைலன்சர் தண்ணீர் குடித்து, நடுவெள்ளத்தில் இயந்திரம் நின்றுபோகும். ஐப்பசியில் ஆதம்பாவா அதை அறுத்து, பின்சில்லைச் சுற்றி மேலே தூக்கி, பின்பக்க மூலையில் நெஞ்சு உயரத்தில் வாயைத் திறந்துவிட்டார். ஜீப் எல்லா வெள்ளத்திலும் இறங்கி ஏறியது. குலசிங்கம் தேங்காய் உடைத்தான்.

அதன் பிறகு பெண்கள் சத்தி எடுக்கத் தொடங்கினார்கள்.

தலையிடி, மயக்கம், வாந்தி. மூதூர்ப் பெண் ஒருத்தியை மிதவைப் பலகையில் கிடத்தி முகத்தில் தண்ணீர் அடித்துத்தான் எழுப்பினார்கள். ஆண்களுக்கு ஒன்றுமே இல்லை.

"காக்கா, ஆம்பிளையள் பன்னிரண்டு பேர் ஏறினாலும் சுகமாப் போய் இறங்குகினம். பொம்பிளையள் நாலு பேர் ஏறினா ஒராள் சரியுது. இதென்ன புகை, ஆள் பாத்துப் பிடிக்குது?" என்றான் குலசிங்கம். அண்ணன் முறைக்கு அவரைக் காக்கா என்பான். வண்டிக்கு ஒரு கோடு போதாது, விழுந்த ஆளுக்கு ஒரு கோடு போடச் சொல்லி அடம்பிடித்தான். அப்படி விழுந்த கோடுகள்தான் பதினொன்று.

காரணம் சொல்ல ஊரில் ஆளா இல்லை? வெறும் வயிறு என்றார்கள். பெற்றோல் மணம் பெண்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்றார்கள். மூன்றாம் வளைவுப் புளியமரத்தில் ஏதோ இருக்கிறது என்றார்கள். குலசிங்கம் முன்பக்கத்தில் எலுமிச்சங்காய் கட்டினான். ஒரு பயணி பக்கத்திலேயே தாயத்துக் கட்டிவிட்டார். சமய பேதமில்லாமல் இரண்டும் தோற்றன. ஆதம்பாவா முன்னால் இருந்து கன்னியாவரை ஓடிப் பார்த்தார். பின்னால் இருந்து, தலையை வெளியே நீட்டிக் குழலைக் கேட்டபடியும் ஓடிப் பார்த்தார். ஒன்றுமில்லை. இல்லாத ஓட்டைக்கு ஒட்டின்மேல் ஒட்டாக வைத்தார்.

குழப்பம் இருந்தால் மற்றவர்கள் வேலையைத் தள்ளிப்போடுவார்கள். அவருக்கு அது முடியாது. மூத்த மகள் பரீனா மூதூரில் வாழ்க்கைப்பட்டவள். தலைப்பிள்ளைக்கு மாதம் நிறைந்திருந்தது. வியாழக்கிழமை நகரத்து ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். லோஞ்சு நின்று நாலு நாள். வருவதென்றால் இந்த ஜீப்பில்தான் வர வேண்டும். சாக்கை எறிந்துவிட்டு நிலத்தில் அவர் இருந்தது திங்கட்கிழமை.

உம்மு குல்சும் தேத்தண்ணி கொண்டுவந்தார். தாச்சியைத் தேடிக்கொண்டும் வந்தார். புருஷனையும் குழலையும் மாறிமாறிப் பார்த்தார்.

"தலை சுத்துது எண்டு சொல்றது பொம்புளையள். நீங்க போய்க் குழலுக்கிட்டக் கேக்கிறீங்க. ஒரு நாளாவது நாங்க இருக்கிற மாதிரி அதுக்குள்ள இருந்து பாத்தீங்களா?"

இருந்தேன் என்றார் அவர்.

"படங்கை இறக்கிப்போட்டு?"

தேத்தண்ணி ஆறிப்போனது. ஆண்கள் ஏறினால் ஜீப்பின் பக்கத்துப் படங்குத் துணிகள் சுருட்டிக் கிடக்கும். காற்று இந்தப் பக்கத்தால் வந்து அந்தப் பக்கத்தால் போகும். பெண்கள் ஏறினால், வெளியார் பார்வை படாமல் இரண்டு பக்கத்தையும் இறக்கி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவார்கள். மூச்சுக்குப் பின்வாசல் மட்டும் திறந்திருக்கும். இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஓட்டை தேடிய ஒருவருக்கும் அந்த ஞாபகம் வரவில்லை.

அன்று பின்னேரமே ஆதம்பாவா பின்னால் ஏறி, படங்கை இறக்கிக் கட்டச் சொன்னார். தான் தட்டும்வரை நிறுத்தக்கூடாது என்பது உத்தரவு. ஜீப் கன்னியா றோட்டில் ஏறியது. அவர் ஒரு பீடி பற்றவைத்தார். பீடிப் புகை பின்வாசலால் வெளியே போக வேண்டும். போகவில்லை. வளைந்து, முன்னால் குலசிங்கத்தின் முதுகைப் பார்த்துப் போனது. அதன் பின்னாலேயே, திறந்த வாசலால், கூப்பிடாத விருந்தாளிபோல சைலன்சர் புகை உள்ளே வந்தது. நெற்றிப்பொட்டில் சம்மட்டி விழுந்தது. அவர் தட்டியபோது தட்டு பலமாக இல்லை. குலசிங்கம் இறங்கி வந்து பார்த்தபோது அவர் பின்பலகையில் கவிழ்ந்து கிடந்து சத்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

வாயைத் துடைத்துவிட்டு அவர் கேட்டது இதுதான்: "வண்டி போறது முன்னுக்கு. புகையை உடுறது பின்னுக்கு. மறுகா அது எப்பிடி வண்டியைத் துரத்திப் புடிச்சி உள்ளுக்க வருது?"

ஆதம்பாவாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை. பஸ் நிலையத்தில் கண்ட படித்தவர்களிடமெல்லாம் கேட்கிறார். ஆளுக்கொரு பதில் வருகிறது. அன்றைக்குக் குலசிங்கத்திடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டார். தான் சத்தி எடுத்ததை ஒருவருக்கும் சொல்லக்கூடாது.

விளங்காவிட்டால் என்ன, வேலை நடந்தது. மறுபடி தாச்சி, மறுபடி மணல். குழலை நீட்டி, கூரைக்கும் மேலே ஏற்றி, வாயை வெளிப்பக்கம் திருப்பினார். மரக்கொப்பில் அடிபடும் என்று குலசிங்கம் முணுமுணுத்தான். கொப்பு முளைக்கும், ஆள் முளைக்காது என்று பதில் வந்தது.

வியாழன் மத்தியானம் ஜீப் வெருகல் சேற்றோடு வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் கராஜ் வாசலில் நின்றது. படங்கு இறக்கிக் கட்டியிருந்தது. ஆதம்பாவா இயந்திரத்துக்குக் காது கொடுக்கவில்லை. நேரே பின்னுக்குப் போனார். உள்ளே ஐந்து பெண்கள். ஒவ்வொருவரிடமும் தலை இடிக்கிறதா, வயிறு பிரட்டுகிறதா என்று கேட்டு, பதில் வரும்வரை நின்றார். கடைசியாக, வயிற்றைப் பிடித்தபடி ஓரமாக இருந்த பரீனாவின் முக்காட்டு நுனியை எடுத்து மூக்கில் வைத்தார்.

"என்ன வாப்பா, மோந்து பாக்கிறீங்க?"

வெறும் மழை மணம். அவர் நுனியை மெல்ல விட்டார்.

குலசிங்கத்துக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஈரச் சாக்கை எடுத்துக்கொண்டு கதவடிக்குப் போனான். "காக்கா, இனி இந்தக் கோடுகளை அழிக்கலாம்தானே?"

ஆதம்பாவா அவன் கையிலிருந்து சாக்கைப் பறித்துக் கீழே போட்டார். வெண்கட்டியை எடுத்தார். ஐந்து பெண்களும் உம்மு குல்சுமும் பார்த்துக்கொண்டிருக்க, கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்று இழுத்துவிட்டு, வெண்கட்டி படிந்த விரலால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

பன்னிரண்டு.